கண்ணாடி இல்லாத லென்ஸ்

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது முதன்முதலாக மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைப்படி இறங்கிய காஷிஃபாவுக்கு வாணியம்பாடி பஜார் தெருவே ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. தரை மேடாக எழும்பி வருவதுபோல் இருக்க, சமதரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள். தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். கூட வந்த தகப்பனார் ஃபரூக் திரும்பக் கடைக்குள் போய்க் கேட்டார். "போகப் போகச் சரியாயிடும் பாய்" என்றார் கடைக்காரர்.

ஒரு வாரத்தில் சரியாகத்தான் ஆனது. ஆனால் தரை ஏன் சாய்ந்தது, சாய்ந்தது எப்படித் தானாக நிமிர்ந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மறுபடி அந்தக் கடைக்குப் போய் அவளே கேட்டாள். படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில்தான் கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் உள்ள படிப்பைத் தேடிப் படித்ததாக, நாற்பத்தாறு வயதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அதே பஜாரில் அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடை. பக்கத்துக் கடை கணவர் வக்காருடையது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய சாயமும் ரசாயனமும் விற்கிறார். புதுக் கண்ணாடி போட்டுத் தலை சுற்றுகிறது என்று யாராவது வந்தால், காஷிஃபா அவர்களை உட்கார வைத்து, ஒரு லென்ஸைக் கையில் கொடுத்து, அதை நகர்த்தினால் எதிரே இருக்கும் காலண்டர் எப்படி நகர்கிறது என்று காட்டுவாள். லென்ஸின் நடுவில் நுழையும் வெளிச்சம் நேராகப் போகும்; ஓரத்துக்குப் போகப் போக அதிகமாக வளையும்; கண்ணின் மணி லென்ஸின் நடுவுக்கு நேராக இல்லாவிட்டால் பார்க்கிற பொருள் இடம் மாறித் தெரியும். பாதிப் பேருக்கு இது தேவையில்லை. கேட்டுக்கொண்டு போவார்கள்.

மலைக்குப் போக ஆரம்பித்தது தற்செயலாக நடந்தது. கோபால்சாமி என்ற விவசாயி, மூக்கில் நிற்காத ஒரு கண்ணாடியோடு மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து இறங்கி வந்தார். பார்த்தால் அது பெண்கள் போடுகிற ஃபிரேம். விசாரித்தபோது, அது அவர் மனைவியுடையது என்றும், வீட்டில் இருப்பதே அந்த ஒன்றுதான் என்றும், அரிசியில் கல் பொறுக்க அந்தம்மாவும் ரேஷன் கார்டு பார்க்க இவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். மலையில் பல வீடுகளில் அப்படித்தானாம். அதற்கப்புறம் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, லென்ஸ்கள் அடுக்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தூர் போய், அங்கிருந்து ஜீப்பில் புதூர்நாடு ஏறுவாள். மளிகைக்கடையை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒரு மேசை. எழுத்துப் படிக்காதவர்களுக்காகப் படம் போட்ட ஒரு அட்டை.

அந்த வருடம் ரம்ஜான் மாதமும் புளி உலுக்கும் காலமும் சேர்ந்து வந்தன. கொட்டகைக்கு வெளியே தார்ப்பாயில் புளி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குக்கிராமத்துப் பாஞ்சாலை, உயரமான ஒரு வாலிபனை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு காதுக்கம்பி உடைந்த கண்ணாடியை அவன் கையால் பிடித்தபடி நின்றான்.

"இவன் கண்ணாடிய பாரும்மா. புளி உலுக்கறேன்னு மரத்தடியில போய் நின்னான். கோலு வந்து மூஞ்சி மேல வுழுந்துச்சி. நல்ல வேள, கண்ணுக்கு ஒண்ணும் ஆவல."

"உங்க பையனா? இன்னா பண்றாரு?"

"பெங்களூருல படிக்கிறான். முப்பது வயசு ஆவப் போவுது, இன்னும் படிக்கிறான்."

"ஆராய்ச்சி பண்றேன் மேடம்" என்றான் அவன். பெயர் பிரகாஷ். "வானியல்."

காஷிஃபா உடைந்த கம்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியில் அதற்குப் பொருந்தும் வேறொன்றைத் தேடினாள். "வானத்துல இன்னா ஆராய்ச்சி தம்பி?"

இந்தக் கேள்வியை அவனிடம் எல்லோரும் கேட்பார்கள். நட்சத்திரம் பற்றி என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவன் அப்படியே சொன்னான். காஷிஃபா திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு, "நட்சத்திரத்தப் பத்தி இன்னா?" என்றாள்.

அவன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். கறுப்புப் பின்னணி. நடுவில் மஞ்சள் பொட்டுகள் நெருக்கமாகக் கூடி நின்றன. அவற்றைச் சுற்றி, நகம் வெட்டிப் போட்டாற்போல் மெல்லிய நீலக் கீற்றுகள். எல்லாக் கீற்றுகளும் அந்த நடுக்கூட்டத்தைச் சுற்றியே வளைந்திருந்தன.

காஷிஃபா திருகாணியை எடுத்து மேசையில் வைத்தாள். "இது எதுல எடுத்தது?"

"விண்வெளியில இருக்கற டெலஸ்கோப்புல."

"அதுல லென்ஸ் கோளாறு இருக்கு தம்பி. இந்த நீலத்தையெல்லாம் பாருங்க. மோசமான லென்ஸ் வழியா பாத்தா இப்படித்தான் இழுத்துக் காட்டும்." சொல்லிவிட்டுப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஆனா ஓரத்துல கலர் பிரியலயே? இவ்ளோ வளைச்சா ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் ஊதான்னு கசியணுமே."

பிரகாஷ் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கண்ணாடி இல்லாமல் அவளுடைய முகம் அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. ஆனாலும் அவளையே பார்த்தபடி சொன்னான்.

"டெலஸ்கோப்பு நல்லாத்தான் இருக்குங்க. லென்ஸ் அங்கயே, வானத்துலயே இருக்கு. இந்த மஞ்சள் ஒவ்வொண்ணும் ஒரு கேலக்ஸி. ஒவ்வொண்ணுலயும் கோடி கோடியா நட்சத்திரம். அது எல்லாம் ஒண்ணா சேந்து ஒரு கொத்தா நிக்குது. நீலமா இருக்கறது அதுக்கும் ரொம்பப் பின்னாடி இருக்கற வேற கேலக்ஸிங்க. அதோட வெளிச்சம் இந்தக் கொத்தத் தாண்டித்தான் நம்மகிட்ட வரணும். வரும்போது கொத்தோட பாரம் அந்த வெளிச்சத்த வளைச்சிடுது."

"பாரமா?"

"பாரந்தான். ஈர்ப்பு. அது எல்லாக் கலரையும் ஒரே மாதிரி வளைக்கும். அதனாலதான் கலர் பிரியல."

"அப்போ கண்ணாடி?"

"கண்ணாடியே கிடையாது."

காஷிஃபா பெட்டியைப் பார்த்தாள். வெல்வெட் பள்ளங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட லென்ஸ்கள் வட்டமாகப் படுத்திருந்தன. "அதோட பவர் இன்னா தம்பி?"

"ஒரு நம்பர்ல சொல்ல முடியாதுங்க. உங்க லென்ஸ்ல ஓரத்துக்குப் போகப் போக அதிகமா வளையும், இல்லீங்களா? இதுல அப்படியே தலைகீழ். நடுவுக்குக் கிட்டக்க வர்ற வெளிச்சந்தான் அதிகமா வளையும். தள்ளி வர்றது கம்மியா வளையும்."

"அப்போ ஒரு இடத்துல குவியவே குவியாதே."

"குவியாது. அதான் கீத்து கீத்தா தெரியுது."

"கண்ணாடி ஆச்சா இல்லியா?" என்றாள் பாஞ்சாலை. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். காஷிஃபா அவசரமாகக் கம்பியை மாட்டி, காதோரம் வளைத்துச் சரிபார்த்து அவனிடம் கொடுத்தாள். போன் நம்பரும் வாங்கிக்கொண்டாள்.

ஜீப்பில் இறங்கும்போது மனசு அதிலேயே நின்றது. இருபது வருடத்துக்கு மேலாக அவள் தொட்ட லென்ஸ் அத்தனையும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. நடுவில் சாது, ஓரத்தில் முரடு. அதற்கு நேர்மாறான ஒன்று இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கண்ணாடியிலேயே அப்படி ஒன்றைச் செய்தால் அது எப்படி இருக்கும்?

மறுநாள் கடையில் லென்ஸ் வந்த அட்டைப்பெட்டியின் மேல் பென்சிலால் வரைந்து பார்த்தாள். வெளிச்சம் அதிகம் வளைய வேண்டிய இடத்தில் கண்ணாடியின் முகம் செங்குத்தாகச் சரிய வேண்டும். வளைய வேண்டாத இடத்தில் தட்டையாக இருக்க வேண்டும். அப்படியானால் நடுவில் கூம்பு போல எழும்பி, சட்டென்று இறங்கி, ஓரத்துக்கு வரும்போது தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். வரைந்ததைப் பார்த்தால் லென்ஸ் மாதிரியே இல்லை. எந்தக் கம்பெனியும் இதைத் தேய்த்துத் தராது.

இரண்டு நாள் கழித்து வக்காரின் தங்கை பஷீரா வீட்டில் நோன்பு திறக்க அழைத்திருந்தார்கள். கஞ்சியும் சமோசாவும் தொழுகையும் முடிந்தபின் பஷீரா ஃபலூடா கொண்டுவந்து வைத்தாள். உயரமான கண்ணாடிக் கோப்பை, கீழே ஒரு தண்டு, தண்டுக்கடியில் வட்டமான பாதம். காஷிஃபா கடைசிக் கரண்டி சேமியாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்கப் போனவள், வைக்கவில்லை. பாதத்தைக் கண்ணருகே கொண்டுவந்து பக்கவாட்டில் பார்த்தாள். தண்டு முடியும் இடத்தில் கூம்பாக இறங்கி, ஓரத்தில் தட்டையாகப் படுத்திருந்தது. அட்டைப்பெட்டியில் வரைந்த அதே வடிவம்.

"பஷீரா, இந்தக் கிளாஸை நான் எடுத்துக்கட்டுமா?"

"அண்ணி, அது ஆறு கிளாஸ் செட்டு!"

"ஒண்ணுதான்."

அந்த ஒன்று தண்டை வெட்டும்போதே உடைந்தது. பாத்திரக்கடையில் வாங்கிய மூன்றில் இரண்டு உடைந்தன. லென்ஸின் ஓரம் தேய்க்கும் மெஷின் இந்தத் தடிமனுக்கானது இல்லை. சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து வந்த வக்கார், மேசையில் கிடந்த கண்ணாடிச் சில்லுகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கு இந்தக் கண்ணாடி? ஒட்டகத்துக்கா?" என்று உருதுவில் கேட்டார்.

"எனக்கு" என்றாள்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது தப்பித்தது. தண்டு இருந்த இடத்தை மெருகு ஏறும்வரை தேய்த்து எடுத்தாள். வெள்ளைத் தாளில் பேனாவால் ஒரு நீலப் புள்ளி வைத்து, அதன் மேல் அந்தப் பாதத்தைப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

புள்ளி இல்லை. அது இருந்த இடத்தைச் சுற்றி ஒரு மெல்லிய நீல வளையம் நின்றது.

கையைத் துளி நகர்த்தினாள். வளையம் அறுந்து இரண்டு கீற்றானது. ஒரு பக்கம் நீளமாக ஒன்று, எதிர்ப்பக்கம் குட்டியாக ஒன்று. இன்னும் நகர்த்தினாள். குட்டி கரைந்து மறைந்தது. திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தாள். மறுபடி வளையம். கடையில் ரிப்பேருக்குக் காத்திருந்த ஒரு பெரியவர், இந்தம்மா ஏன் தனியாகச் சிரிக்கிறாள் என்று எட்டிப் பார்த்தார். அவருக்கும் காட்டினாள்.

உடனே பிரகாஷுக்குப் போன் செய்தாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான்.

"சூப்பர் மேடம். நாங்களும் காலேஜ் பசங்களுக்கு இப்படித்தான் காட்டுவோம். ஒயின் கிளாஸ் அடிய வெட்டி."

காஷிஃபாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்போ இது எல்லாருக்கும் தெரிஞ்சதா?"

"ரொம்ப நாளாவே தெரியுங்க." அவனுக்கு அவள் குரலிலிருந்த வாட்டம் எட்டியிருக்க வேண்டும். "ஆனா ஃபலூடா கிளாஸ்ல யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "சரி, எல்லாந்தான் தெரிஞ்சிருக்கே. அப்புறம் நீங்க எதத் தேடறீங்க?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். கீற்று எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளந்தால் வளைத்த கொத்தின் எடை தெரிந்துவிடும். எடை போட்டுப் பார்த்தால், அங்கே மின்னுகிற நட்சத்திரங்களையும் கொதிக்கிற வாயுவையும் சேர்த்தாலும் கணக்குக் கொஞ்சம்கூட ஒத்துவராது. பெரும்பங்கு எடை வெளிச்சமே தராத ஏதோ ஒன்றுடையது. இது வரைக்கும் பழைய விஷயம். அவனுடைய குழு ஆராயும் கொத்தில் இன்னொரு சங்கடம் இருந்தது. அதன் வெளிச்சம் கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு வயது இப்போதிருப்பதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்ன வயதில் அவ்வளவு பாரம் ஓர் இடத்தில் சேர்ந்திருக்கவே கூடாது.

"ஏன் கூடாது?"

"எங்க ஊரு திருவிழாவ வெச்சிக்கங்க. காப்பு கட்டற அன்னைக்குப் பத்து பேரு இருப்பான். அப்புறம் ஒவ்வொரு ஊர்லருந்தும் வந்து சேந்து, தேர் இழுக்கற அன்னைக்குத்தான் கூட்டம் நெருக்கும். கொத்தும் அப்படித்தான். முதல்ல எல்லா இடத்துலயும் ஏறக்குறைய சமமா பரவிக் கிடந்துச்சி. எங்க துளி அதிகமோ அது பக்கத்துல இருந்தத இழுத்துச்சி. இழுக்க இழுக்க இன்னும் பலமாச்சி. அதுக்கு நாளாவும். நாங்க பாக்கறது காப்பு கட்டற அன்னைக்கே தேர்க்கூட்டம் நிக்கற மாதிரி இருக்கு."

"எப்படி வந்துச்சாம்?"

"தெரியலீங்க."

அவன் அதை வெகு சாதாரணமாகச் சொன்னான். காஷிஃபாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. படித்தவர்கள் தெரியவில்லை என்பதை இவ்வளவு சுலபமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? நான் பவர் பாக்கும்போது ஒரு லென்ஸ் மேல இன்னொண்ணு வெப்பேன். எதிர்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணு மாதிரிதான் தெரியும். மேல ஒரே கொத்துதானா, இல்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா?"

"அந்தச் சந்தேகந்தாங்க எங்க குழுவுக்கும். ஒவ்வொரு கேலக்ஸியும் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு தனித்தனியா அளக்கணும். பெரிய டெலஸ்கோப்புல நேரம் கேட்டு எழுதியிருக்கோம். கெடைக்கணும்."

பெருநாள் முடிந்து காஷிஃபா மறுபடி புதூர்நாடு போனபோது, அந்தக் கண்ணாடிப் பாதத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தாள். கூட்டம் குறைந்தபின் பாஞ்சாலை வந்தாள். கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்றாள். பரிசோதனை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, என் புள்ள உங்கிட்ட போன்ல பேசறானாமே."

"ஆமாம்மா. நான்தான் ஏதாவது சந்தேகம் கேப்பேன்."

"இன்னா வேலதான் பாக்கறான் அவன்?" பாஞ்சாலை குரலைத் தாழ்த்தினாள். "ஊர்ல கேக்கறாங்க. வானத்தப் பாக்கறான்னு சொன்னா ஜோசியமான்னு கேக்கறாங்க. அவனக் கேட்டா உனுக்குப் புரியாதும்மான்றான். உனுக்குப் புரிஞ்சிது, எனுக்குப் புரியாதா?"

 காஷிஃபா மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, வெளியே தார்ப்பாயிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துவந்து நடுவில் வைத்தாள். கண்ணாடிப் பாதத்தை அதற்கு மேலே பிடித்தாள்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டு இது வழியா பாருங்க."

பாஞ்சாலை குனிந்தாள். "கொட்ட எங்க?"

"நல்லா பாருங்க."

"அடியே! வளவி மாதிரி கீது." கையை நீட்டி அடியில் தடவினாள். கொட்டை அங்கேயேதான் இருந்தது. கண்ணாடியைத் தானே வாங்கிக்கொண்டு மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தினாள். வளையல் உடைவதையும் சேர்வதையும் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"இதத்தாம்மா உங்க புள்ள பாக்கறாரு. கொட்ட ரொம்ப தூரத்துல இருக்கு. நடுவுல ஒரு பெரிய பாரம் நிக்குது. அந்தப் பாரத்தால கொட்ட இப்படி வளைஞ்சி தெரியுது."

"இந்தக் கண்ணாடி என் கையில கீது. மேல கீற அந்தப் பாரம் கண்ணுக்குத் தெரியுமா?"

"கொஞ்சந்தான் தெரியும். மிச்சம் தெரியாது."

"தெரியாதத எப்டிப் பாக்கறான்?"

"அதப் பாக்க மாட்டாரு. கொட்ட எவ்ளோ வளைஞ்சிருக்குன்னு பாப்பாரு. அத வெச்சி எவ்ளோ பாரம்னு சொல்லிடுவாரு."

பாஞ்சாலை கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். "மூட்டைய கட்டி ஜீப்பு மேல ஏத்தறாங்க. உள்ள எவ்ளோ கீதுன்னு தெரியாது. டயரு அமுங்கறத வெச்சி சொல்லுவாங்க டிரைவரு. அந்த மாதிரியா?"

காஷிஃபா அப்படி யோசித்ததில்லை. "அந்த மாதிரிதான்."

அந்தக் கொத்தில் அவ்வளவு பாரம் அத்தனை சீக்கிரம் சேர்ந்திருக்கக் கூடாது என்ற சங்கடத்தையும் சொன்னாள். பாஞ்சாலை இடுப்பிலிருந்து போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். புதூர்நாட்டில் சிக்னல் கிடைக்கிற மூலைக்கு நகர்ந்து நின்று சத்தமாகப் பேசினாள். "டேய், நீ பாக்கற அந்தக் கொத்து கீதே, அவ்ளோ பாரம் அவ்ளோ சீக்கிரம் எப்டிடா சேந்துச்சி?... நான்தான் கேக்கறேன்... யாரு சொல்லிக் குடுத்தா இன்னா, சொல்லு." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை "மறுபடி சொல்லு" என்றாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. கண்ணாடியை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். காஷிஃபா துணியோடு கொடுத்தாள். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். பஷீராவிடம் இன்னும் ஐந்து இருப்பது ஞாபகம் வந்தது.

பலாக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரகாஷ் கொட்டகைக்கே வந்து காஷிஃபாவை வீட்டுக்கு அழைத்துப் போனான். முற்றத்தில் பழம் அறுத்துப் போட்டிருந்தது. பாஞ்சாலை மூன்று பேர் கையிலும் எண்ணெய் தடவிவிட்டாள்.

"டெலஸ்கோப்புல நேரம் கெடைச்சிதுங்க" என்றான் பிரகாஷ். குரலில் உற்சாகம் இல்லை. "அளந்தாச்சி. ஒண்ணு இல்ல, ரெண்டுதான். முன்னாடி சின்னதா ஒரு கொத்து, அதுக்கு நேர் பின்னாடி பெருசு. மூணுல ஒரு பங்கு பாரம் முன்னாடி இருக்கறதோடது. நாங்க எல்லாத்தையும் சேத்து ஒண்ணு மேல போட்டிருந்தோம்."

காஷிஃபாவின் விரல் சுளையிலேயே நின்றது. தன் சந்தேகம் பலித்ததில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. நாலு மாதமாக அவள் படுக்கப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பிரமாண்டமான ஒன்று சுருங்கிப் போனதுபோல் இருந்தது.

"எங்க கைட் புரொபசரு கட்டுரைய மொதல்லருந்து எழுதச் சொல்லிட்டாரு. ரெண்டு வருஷ வேல."

"மீதி?" என்றாள் பாஞ்சாலை.

"மீதின்னா?"

"மூணுல ஒரு பங்கு முன்னாடி போயிடிச்சி. மீதி ரெண்டு பங்கு பின்னாடி கீதுல்ல? அது அவ்ளோ சீக்கிரத்துல சேரலாமா?"

பிரகாஷ் அம்மாவைப் பார்த்தான். "சேரலாம், ஆனா கஷ்டம். ரொம்ப அபூர்வமா நடக்கலாம். அதுவும் இன்னும் அதிகந்தாம்மா."

"அப்போ வேல கீது. சாப்டு."

காஷிஃபா வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்புறம் அவன் பழையபடி பேச ஆரம்பித்தான். இரண்டு கொத்துகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றனவா, அல்லது நம் பார்வைக்கு மட்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பது அடுத்த கேள்வியாம். பேச்சு நடுவே காஷிஃபாவுக்கு வேறொன்று உறுத்தியது.

"அந்த வெளிச்சம் தராத பாரம் இருக்கே தம்பி, ஒண்ண ஒண்ணு இழுக்குதுல்ல? அப்போ எல்லாம் நடுவுல போய் ஒரே உருண்டையா ஒடுங்கியிருக்கணுமே?"

"ஒடுங்காதுங்க. வாயுன்னா ஒண்ணோட ஒண்ணு மோதும், சூடாவும், அந்தச் சூட்ட வெளியில வுட்டுட்டு அடங்கும். இது மோதறதே இல்லன்னு நெனைக்கறோம். நடுவுல பூந்து அந்தப் பக்கம் போயிடும். திரும்ப வரும், திரும்பப் போவும்."

"எதுலயும் மோதாதா?"

"மோதற மாதிரி தெரியல."

"அப்போ இங்கயும் இருக்குமா? இந்த வூட்டுல?"

"இருக்கணும். கொஞ்சமா. இப்பவும் நம்ம உள்ள பூந்து போய்ட்டுதான் இருக்கும்."

காஷிஃபா எண்ணெய் மினுங்கும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாஞ்சாலையும் தன் கையைப் பார்த்தாள். கூரை மேல் ஒரு காகம் உட்கார்ந்து பழத்துக்குக் காத்திருந்தது. பாஞ்சாலை அதையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒரு சுளையை வீசினாள்.

வாணியம்பாடி வந்து சேர்ந்தபோது வக்கார் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். அவள் கொண்டுவந்த பலாப்பழத்தை வாங்கிக் கீழே வைத்தார். வழக்கமாக எதுவும் கேட்க மாட்டார். அன்று மனைவியின் முகத்தைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றார். அவள் சொன்னாள். இரண்டாகப் பிரிந்த கொத்தையும், மீதிப் பாரத்தையும், எதிலும் இடிக்காமல் ஊடுருவிப் போகும் அந்த ஒன்றையும். ஷட்டரைப் பாதி இறக்கியபடி அவர் நின்றார். சாயத்தையும் ரசாயனத்தையும் கிலோக் கணக்கில் நிறுத்தே வாழ்ந்த மனிதர்.

"எடை இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது" என்றார் மெதுவாக. "அப்படின்னா அது என்ன சரக்கு?"

"அதான் யாருக்கும் தெரியலயாம்."

"யாருக்குமா?"

"யாருக்கும்."

வக்கார் இறக்கிய ஷட்டரை மறுபடி ஏற்றிவிட்டார். உள்ளேயிருந்து இரண்டு ஸ்டூல் எடுத்து வாசலில் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லு" என்றார்.